ஐந்தில் மூன்று படித்தால் போதும்

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. இதை எழுதுவதற்காகவே எட்டு மாதமாகச் சும்மா கிடந்த இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். அப்பாவின் உரக்கடைக்கு ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: 'நாற்றங்காலில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவும்.' பார்த்துக்கொள்கிறேன்.

சென்னைக் கம்பெனி. எங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டில் நூற்றுப் பதினெட்டுப் பேர் போனோம், ஒன்பது பேரை எடுத்தார்கள். நேர்முகத்தில் என்னிடம் கேட்டது இதுதான்: ஓர் அறையில் பத்துப் பேர், ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒரு முறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? அவர் கேட்டு முடிப்பதற்குள் நாற்பத்தைந்து என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். போன வருடம் இதே கம்பெனி கேட்ட கேள்விகளை அன்று காலையில்தான் மனப்பாடம் செய்திருந்தேன். பதினொரு பேர் என்று கேட்டிருந்தால் இந்த டைரி தூசியோடேயே இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் பயல்கள் சூழ்ந்துகொண்டார்கள். "டிஸ்கிரீட் மேத்ஸ்ல இருந்து கேட்டாங்கலே" என்றேன். பொய் இல்லை. அந்த இரண்டாம் வருடக் கணக்குப் பேப்பரில் எண்ணுவதற்கென்றே ஒரு யூனிட் இருக்கிறது.

கம்பெனி மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில், அரியர் ஏதும் இருந்தால் டிசம்பர் ரிசல்ட்டுக்குள் தேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலை செல்லாது என்று போட்டிருக்கிறது. எல்லோருக்கும் போடும் பத்திதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாமா கல்லிடைக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். படம் அனுப்பியிருக்கிறார். என் தலைக்குப் பின்னால் விமானம் பறக்கிறது. சென்னைக்கு ரயிலில் போகலாம் என்று ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் யாராவது சொல்லியிருக்கலாம். கீழே சிவப்பு எழுத்தில், 'எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறிய எங்கள் வீட்டுச் சிங்கம் ஆவுடையப்பன்.' அந்த வரி அப்பா கொடுத்ததாம். அப்பாவுக்கு யார் அப்படிச் சொன்னார்களோ.

செப்டம்பர் 1, திங்கள்

எச்.ஓ.டி. வில்சன் சார் கூப்பிட்டனுப்பினார். நான்கு வருடத்தில் முதல் முறையாக உட்காரச் சொன்னார்.

"செகண்ட் இயர் பயலுவளுக்கு டிஸ்கிரீட் மேத்ஸ்னா கைகால் ஒதறுது. போன வருசம் அந்தப் பேப்பர்ல முப்பத்தொம்பது சதவீதம்தான் பாஸ். ஜனவரியில காலேஜத் தரம் பாக்க கமிட்டி வருது. மூத்த மாணவர் வழிகாட்டல்னு ஒரு ஃபைல் காட்டணும். நீ ஒரு மணி நேரம் பேசு. போட்டோ எடுத்துக்கிடுவோம். போட்டோ முக்கியம்."

"நானா சார்?"

"ஒன்னத்தான் டிஸ்கிரீட் மேத்ஸ்ல கேட்டு செலக்ட் பண்ணாங்களாமே. அந்தப் பேப்பர்ல ஒனக்கு எவ்வளவு?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி நேரம் இருந்தது. "மறக்க முடியாத மார்க் சார்" என்று சொல்லி அந்த நொடியை ஓட்டிவிட்டேன். சார் தலையாட்டிக்கொண்டே தாளில் எதையோ எழுதினார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாள் முழுக்க ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். என் கைவசம் நான்கு பழைய கேள்வித்தாள்கள் இருக்கின்றன. நான்கும் பரீட்சை ஹாலுக்குள் கொடுக்கும் அசல் தாள்கள், ஓரத்தில் ஹால்டிக்கெட் எண்கூட எழுதியிருக்கிறது. இவை எப்படி என்னிடம் வந்தன என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. நான்கையும் தரையில் விரித்துப் போட்டுப் பார்த்ததில் ஒரு விஷயம் துலங்கியது.

யூனிட் ஐந்து. ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு மார்க் கேள்வி இரண்டு, பதிமூன்று மார்க் கேள்வி ஒன்று. கடைசியில் தனியாக ஒரு பதினைந்து மார்க் கேள்வி, அது நான்கு முறையும் மூன்றாவது யூனிட்டிலிருந்தே வந்திருக்கிறது. ஆகவே முதல் மூன்று யூனிட்டை மட்டும் படித்தால் அறுபத்தாறு மார்க் கைக்குள். பாஸ் மார்க் ஐம்பது. நான்காவதான குரூப், ஐந்தாவதான லாட்டிஸ் இரண்டையும் தலைமுழுகிவிடலாம். இதற்கு 'ஐந்தில் மூன்று திட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். இரண்டாவது யூனிட்டில் இன்டக்ஷன் என்று ஒன்று வரும். ஒரு சூத்திரம் எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று காட்ட இரண்டு படி எழுதச் சொல்வார்கள். முதல் படியில் 1 என்ற எண்ணுக்குச் சரி என்று காட்ட வேண்டும். அடுத்ததில், ஏதோ ஓர் எண்ணுக்குச் சரி என்றால் அதற்கடுத்த எண்ணுக்கும் சரி என்று காட்ட வேண்டும். முதல் படியில் ஒன்று சமம் ஒன்று என்றுதான் வரும், அதை எழுதிக்கொண்டிருப்பது சிறுபிள்ளைத்தனம். 'முதல் படியில் நேரத்தை வீணாக்காதீர்கள், நேராக இரண்டாம் படிக்குத் தாவுங்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டேன்.

இன்றைய பக்கக் குறிப்பு: 'விதைக்கும் முன் முளைப்புத் திறனைச் சோதிக்கவும்.' விவசாயிகளுக்கு எவ்வளவு வேலை.

செப்டம்பர் 10, புதன்

செமினார் ஹால் நிறைந்துவிட்டது. வில்சன் சார் என்னை அறிமுகப்படுத்தும்போது, "டிஸ்கிரீட் மேத்ஸில் தொண்ணூற்று நாலு வாங்கிய நமது மாணவர்" என்றார். நான் அந்த எண்ணைச் சொல்லவில்லை. மேடையில் ஒரு பெரியவர் பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்பதால் வணக்கம் வைத்தேன். கைதட்டினார்கள்.

பேச்சு பிரமாதமாக வந்தது. "இந்தப் பாடத்தைப் புரிஞ்சுக்க முயற்சி செய்யாதீங்க, இது புரிஞ்சுக்கிடுத பாடம் இல்ல" என்றபோது பின்வரிசையில் விசில். முன்வரிசையில் மெலிந்த பையன் ஒருவன் நான் இருமியதைக்கூட எழுதிக்கொண்டிருந்தான். பேனா தீர்ந்துபோனால் எழுத இன்னொரு பேனாவைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். முடிந்ததும் வந்து பேசினான். பெயர் மாசானமுத்து. இலத்தூர்ப் பக்கம். அவன் வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள்.

"அண்ணே, நீங்க சொன்னத அப்படியே செய்யுதேன். ஒரு வரி பிசகாது."

இவன் உருப்படுவான் என்று தோன்றியது.

ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். சங்கரன்கோவிலிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வரும் கோமதி. "இன்டக்ஷன்ல முதல் படி எழுத வேண்டாம்னு சொல்லுதீங்களே, அது இல்லாம ப்ரூஃப் எப்படிண்ணே நிக்கும்?" என்றாள். நேரமாகிவிட்டது என்றேன். ஆகவும் இல்லை.

செப்டம்பர் 24, புதன்

திட்டம் காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. அன்று நான் பிரதி எடுத்துக் கொடுத்த ஏழு பக்கத்தையும் யாரோ வாட்ஸ்அப்பில் ஏற்றி, 'ஐந்தில் மூன்று' என்றே ஒரு குரூப் தொடங்கி, என்னை அட்மின் ஆக்கியிருக்கிறார்கள். நூற்று முப்பது பேர். காலையில் பல் தேய்க்கப் போனால் குழாயடியில் வழி விடுகிறார்கள். மெஸ்ஸில் எனக்கு இரண்டாவது அப்பளம் கேட்காமலே வருகிறது. கேன்டீனில் ஒருவன் இன்னொருவனிடம், "தொண்ணூத்தாறாம்லே" என்றான். இரண்டு கூடிவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

எக்ஸாம் செல்லில் அரியர் விண்ணப்பம் கொடுக்க இன்றே கடைசி நாள். ஒரு சின்ன வேலையாக அந்தப் பக்கம் போனேன். வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து, "அண்ணே, நீங்க எங்கண்ணே இங்க?" மாசானமுத்து. கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கூட்டாளி ஒருத்தனுக்காக வந்தேன் என்றேன்.

"அவங்களுக்கு எந்தப் பேப்பர்ணே?"

"டிஸ்கிரீட்."

"அய்யோ பாவம். உங்க கூட்டாளியாயிருந்தும் உங்ககிட்ட கேக்கலயா?"

"சொன்னாக் கேக்க மாட்டான்லே" என்றேன்.

மாசானம் உச்சுக் கொட்டினான். அவன் போகும்வரை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுவிட்டு, கவுன்டர் மூடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கொடுத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

லைப்ரரியில் கோமதி பிடித்துவிட்டாள். கையில் என் ஏழு பக்கம். இரண்டாவது பக்கத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள்.

"அண்ணே, இத மட்டும் மாத்திப் போட்டிருங்க. பிள்ளைங்க எல்லாம் அப்படியே எழுதப் போறாங்க."

"ஒன்னு சமம் ஒன்னுன்னு எழுதுறதுல என்ன இருக்கு?"

"எங்க ஊரு பஸ்ல நடக்கத நெனச்சுக்கிடுங்க. கண்டக்டர் வந்து டிக்கெட்டுன்னு கேட்டா, கடைசி சீட்டுக்காரரு முன்னால கையக் காட்டுவாரு, அவரு எடுத்துட்டாருன்னு. அவரு தனக்கு முன்னால இருக்கவரக் காட்டுவாரு. எல்லாரும் அப்படியே காட்டிக்கிட்டே போறாங்க. காட்டுனதுல ஒருத்தர் மேலயும் தப்பு இல்ல. ஆனா முதல் சீட்டுல இருக்கவரு டிக்கெட் எடுக்கவே இல்லைன்னா?"

நான் அந்தச் சிவப்பு வட்டத்தை மறுபடி பார்த்தேன்.

"பஸ்ல ஒருத்தருக்கும் டிக்கெட் இல்லண்ணே. அந்த முதல் ஆள செக் பண்ணுததுதான் முதல் படி."

இரண்டு வருடமாக நான் பார்த்த எந்தப் புத்தகமும் இதை இப்படிச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முதலில் வந்தது எரிச்சல்தான். இத்தனை பேர் கையில் போன பிறகு திருத்தம் போட்டால், மற்ற ஆறு பக்கத்தையும் யார் நம்புவார்கள்? யோசிக்கிறேன் என்றேன்.

"நாலாவது யூனிட்டையும் விடச் சொல்லாதீங்கண்ணே. பதினஞ்சு மார்க் கேள்வி எதுல இருந்து வேணும்னாலும் வரலாம்."

"நாலு பேப்பர்ல வரலம்மா."

"அந்த நாலும் உங்ககிட்ட எப்படிண்ணே இருக்கு?" என்றாள். அவள் முகத்தில் கேலி ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

திருத்தம் போடவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மழையில் நனைந்தும் ஃபிளெக்ஸ் சாயம் போகவில்லை, நல்ல சரக்கு. கடையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் எந்தப் பயிரின் எந்த இலையைக் கொண்டுவந்து காட்டினாலும் ஒரே மருந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் மட்டும் குறை வைக்க மாட்டார். இன்று வந்த ஒவ்வொருவரிடமும் மருந்தோடு என்னையும் சேர்த்துக் கொடுத்தார். "என் மவன். ஒரு பேப்பர்ல கூட தோத்தது கெடையாது. இப்பம் காலேஜ்ல வாத்தியாருங்களுக்கே அவன்தான் ஐடியா சொல்லுதான்."

வெயிலில் கறுத்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பேரனுக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார். கையை விடவே இல்லை. எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

சாயங்காலம் அப்பா தன் போனை நீட்டினார். "அந்த குரூப்புல என்னையும் சேத்து விடு. நீ சொல்லுததப் பாக்கணும்."

"அது கணக்குப் பாடம்பா, ஒங்களுக்குப் புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்? எம் மவன் சொல்லுதான்ல. அது போதும்."

சேர்த்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

நான்காவது யூனிட்டைப் புரட்டினேன். சும்மா, பொது அறிவுக்காக.

நவம்பர் 12, புதன்

பொது அறிவு தொடர்கிறது. லைப்ரரியில் குரூப் பாடத்தைத் திறந்து வைத்திருந்தபோது மாசானமுத்து வந்தான். மேலே செய்தித்தாளைப் போட்டு மூடினேன்.

"அண்ணே, மூணு யூனிட்டும் அஞ்சு தடவ முடிச்சாச்சு. நேரம் இருக்கு. நாலாவதயும் லேசாப் பாக்கட்டுமா?"

பார்லே என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் இவன் போய் மற்றவர்களிடம், அண்ணனே நாலாவதைப் பார்க்கச் சொன்னார் என்பான். பிறகு திட்டம் என்னாவது, நான் என்னாவது.

"திட்டத்தை நம்பு" என்றேன்.

"சரிண்ணே" என்று போய்விட்டான். செய்தித்தாளை எடுத்துவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தேன். ஒன்றும் ஏறவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

சீட்டிங் போர்டு ஒட்டிவிட்டார்கள். இந்தக் காலேஜில் அரியர் எழுதுகிறவர்களைத் தனியாக வைக்க மாட்டார்கள், அந்தப் பேப்பரை அந்த வருடம் எழுதும் பிள்ளைகளோடு கலந்து உட்கார வைப்பார்கள். ரெஜிஸ்டர் எண்ணின் தொடக்கத்திலேயே சேர்ந்த வருடம் இருக்கும் என்பதால் போர்டில் அரியர் ஆட்கள் கல்யாண வீட்டில் கைலி கட்டி வந்தவர்கள் மாதிரி தனியாகத் தெரிவார்கள். ஹால் பதினேழில், முப்பது புது எண்ணுக்கு நடுவே ஒரே ஒரு பழைய எண். கோமதி போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் விலகிப் போனாள்.

நவம்பர் 24, திங்கள்

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்று டிஸ்கிரீட் மேத்ஸ் பரீட்சை எழுதினேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைசி மணி அடிக்கும்போது உள்ளே நுழைந்தேன். சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொல்லி முகத்தைச் சரிபார்த்தார். ஹாலில் பாதிப் பேர் எழுந்து, "குட் மார்னிங்ணே" என்றார்கள். பக்கத்து பெஞ்சில் மாசானமுத்து.

"அண்ணே, நீங்க எங்கண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன் பதில் சொல்லிவிட்டான். "நமக்கு எப்படிப் பேப்பர் போடுதாங்கன்னு பாக்க அண்ணனே எழுத வந்துட்டாரு பாருலே." ஹால் முழுக்கச் சிரிப்பு, பூரிப்பு. நான் பேனா மூடியைக் கழற்றினேன்.

கேள்வித்தாளில் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன். பதினைந்து மார்க் கேள்வி. இது அல்லது அது என்று இரண்டு. ஒன்று குரூப், மற்றது லாட்டிஸ்.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காதில் மட்டும் விழுந்தது, ஹால் முழுக்கத் தாளை முன்னும் பின்னும் புரட்டும் சத்தம். மாசானமுத்து புரட்டவில்லை. தலை நிமிராமல் மூன்று யூனிட்டையும் எழுதிக்கொண்டே இருந்தான்.

இன்டக்ஷன் கேள்வியும் வந்திருந்தது. நான் முதல் படி எழுதினேன். ஒன்று சமம் ஒன்று. அதன் கீழே கோடும் போட்டேன். பிறகு குரூப் கேள்வியில் தெரிந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

என் எண் போர்டில் இருந்ததைப் பற்றிப் பேச்சு வரும் என்று பயந்தேன். வந்தது. அண்ணன் ஏற்கெனவே தொண்ணூற்றாறு, நூறு வாங்குவதற்காகத் திரும்ப எழுதுகிறார் என்று முடிவாகியிருக்கிறது. ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், அவர் தனக்கு முன்னால் இருப்பவரை.

டிசம்பர் 15, திங்கள்

ரிசல்ட். ஐம்பத்து மூன்று. பாஸ். ஐந்தாவது தடவைதான் கிடைத்தது. கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். வேலை உறுதி. பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பிறகு வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தேன், ரிசல்ட் பட்டியலை ஏற்றியிருந்தார்கள். செகண்ட் இயரில் தேறியவர்கள் இருபத்தாறு சதவீதம். போன வருடம் முப்பத்தொன்பது.

ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. 'திட்டம் கரெக்ட், பேப்பர்தான் தப்பு' என்று ஒருவன் போட்டிருந்தான். அதற்கு நாற்பது கட்டைவிரல். கோமதிக்கு எண்பத்தெட்டு. மாசானமுத்து பேருக்கு நேரே நாற்பத்தெட்டு.

நாற்பத்தெட்டு. அந்த எண் கண்ணை உறுத்தியது. கணக்குப் போட்டேன். மூன்று யூனிட்டில் அவன் எடுக்கக்கூடியது ஐம்பத்தொன்று. இன்டக்ஷனில் முதல் படிக்கு மூன்று மார்க். ஐம்பத்தொன்றில் மூன்று போனால் நாற்பத்தெட்டு.

அவன் சொந்தமாக ஒரு மார்க்கூட இழக்கவில்லை. போன மூன்றும் நான் போகச் சொன்னவை.

டிசம்பர் 16, செவ்வாய்

வில்சன் சார் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். ஃபைலில் என் போட்டோவை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, எழுபத்து நாலு சதவீதம் அரியர். கமிட்டி என்ன செஞ்சீங்கன்னு கேக்கும். அரியர் பிள்ளைங்களுக்குன்னு நீ இன்னொரு கூட்டம் போடு."

"சார், நானே அந்தப் பேப்பர்ல..."

"தெரியும், தெரியும். தொண்ணூத்தாறு. தன்னடக்கம் போதும்பா."

"இல்ல சார், நான் இப்பத்தான் சார் பாஸ் ஆனேன்."

சார் பசை போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "இத வெளிய சொல்லாத" என்றார். "போட்டோ ஒட்டியாச்சு."

மத்தியானம் மாசானமுத்து வகுப்புக்கு வரவில்லை என்று கோமதி வந்து சொன்னாள். கொல்லத்தில் அவன் சித்தப்பா பரோட்டாக் கடை வைத்திருக்கிறாராம், அங்கே போய்விடப் போகிறானாம். "அண்ணன் சொல்லியும் வரலன்னா என் மண்டையில ஒன்னும் இல்லன்னுதான அர்த்தம்னு சொல்லுதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் செய்ய வேண்டியது என்ன என்று அவள் சொல்லவில்லை.

டிசம்பர் 17, புதன்

காலையில் ஹாஸ்டலின் அடுத்த பிளாக்குக்குப் போனேன். மாசானமுத்து தகரப் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நீங்க எதுக்குண்ணே வந்தீங்க? தப்பு எம் மேலதாண்ணே. நீங்க சொன்னதுல எதயோ விட்டுட்டேன். எதுன்னுதான் தெரியல."

"நீ எதயும் விடலலே."

இந்த டைரியில் போட்டிருந்த கணக்கைத் திறந்து காட்டினேன். ஐம்பத்தொன்று, மூன்று, நாற்பத்தெட்டு. அவன் விரலை வைத்து வைத்துப் படித்தான்.

"அப்பம் நான் எழுதுனதெல்லாம் சரியாண்ணே?"

"எல்லாம் சரி. நான் சொன்னதுதான் தப்பு."

"பேப்பர் செட் பண்ணவங்க மாத்திட்டாங்க. தொண்ணூத்தாறு எடுத்தவரு நீங்க எப்படிண்ணே தப்பா..."

டைரியின் பின்னட்டை உறையில் மடித்து வைத்திருந்த நான்கு மார்க் ஷீட்டையும் எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தேன். பத்தொன்பது. முப்பத்தொன்று. இருபத்தேழு. நாற்பத்து நான்கு. குனிந்து பார்த்தான்.

"இது யாருதுண்ணே?"

"பேரு போட்டிருக்குல்ல."

"போட்டிருக்கு. பத்தொம்போதுன்னும் போட்டிருக்கே."

பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நவம்பரில் செய்தித்தாளுக்கு அடியில் நான் என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். முகம் கறுத்தது. 

"ஏண்ணே இதச் சொல்லல?"

"ஃபெயிலானவன் சொன்னா யாருலே கேப்பா?"

"நான் கேட்டிருப்பேண்ணே" என்றான்.  "மொத டெஸ்ட்ல எனக்கு இருபத்திரண்டு. இந்தக் காலேஜ்லயே நான் மட்டுந்தான் மக்குன்னு நெனச்சு யார்கிட்டயும் பேசாமக் கெடந்தேன். நீங்க மொத நாளே மேடையில ஏறி, எனக்குப் பத்தொம்போதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அது போதும்ணே. அந்த ஏழு பக்கமே வேண்டாம்."

மன்னிப்புக் கேட்டேன்.  அவன் மார்க் ஷீட்டை மறுபடி கையில் எடுத்துப் பார்த்து, "முப்பத்தொன்னுக்கு அப்புறம் இருபத்தேழா? எறங்கிட்டீங்களேண்ணே" என்றவன் சிரித்துவிட்டான். எனக்கும் வந்துவிட்டது. பெட்டியில் வைத்த டிஸ்கிரீட் மேத்ஸ் புத்தகத்தை வெளியே எடுத்துத் தலையணைமேல் போட்டான்.

பிறகு போனை எடுத்தான். "அண்ணே, என்ன மாதிரி இன்னும் தொண்ணூறு பேரு கெடக்கான். இத குரூப்ல போடட்டுமா?"

குரூப்பில் அப்பா இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. மாசானமுத்து போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், செப்டம்பரில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரியே.

"போடுலே" என்றேன். "பத்தொம்போத மொதல்ல போடு."

நான்கு படமும் போனது.  அப்புறம் என் போன் அடித்தது. அப்பா.

"லேய், குரூப்புல ஏதோ வந்திருக்கு. ஒம் பேரு போட்டிருக்கு. யாருடா இப்படி விளையாடுதது?"

"விளையாட்டு இல்லப்பா" என்றேன். "இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன்."